சிவப்பு மூடி

ஆய்வகத்தில் அவளுக்கு மணிக்கூண்டு என்று பெயர். ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் முன்னே பின்னே வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் வருவாள். ஆன்டிபாடி சுரக்கும் செல்களுக்குத் தீனி மாற்றாவிட்டால் அவை செத்துப்போகும்.

"உன் செல்லுக்கு மட்டும் வேளாவேளைக்குச் சாப்பாடு. எனக்கும் பிள்ளைங்களுக்கும் நேத்து ரொட்டி" என்பான் கணவன்.

இரண்டு வருடம் இப்படிக் கண்ணும் கருத்துமாய் வளர்த்ததில் கிடைத்தது விரல் நீளக் குழாயில் பாதி. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி. ஒட்டினால் சோதனைத் தட்டின் குழிகளில் மஞ்சள் நிறம் வரும்.

அதை டாக்டர்கள் கூட்டத்தில் செய்து காட்டும் வேலையை ஆய்வகத் தலைவர் மைக்கிடம் கொடுத்துவிட்டார். அதுவும் பட்டப்பெயர்தான். ரத்தத்தில் சர்க்கரை, உப்பு பார்க்கும் பிரிவிலிருந்து போன மாதம் மாறி வந்தவள். வாய் திறந்தால் கூட்டம் அவள் கையில்.

"நீ வளர்த்தே, நான் பேசுறேன். நல்ல ஜோடி, இல்லடி?" என்று தோளில் தட்டினாள்.

"ஆமாமா. பெத்தவ நான், போட்டோவுக்கு நிக்கிறவ நீ."

மைக் சிரித்தாள். மணிக்கூண்டுக்கு வயிறு பற்றி எரிந்தது.

சோதனை நாள் காலை, குளிர்பெட்டியிலிருந்து மைக் எடுத்தவை எல்லாம் சிவப்பு மூடிக் குழாய்கள். அவற்றில் ரத்தம் உறைந்துவிட்டிருக்கும். ஃபைப்ரினோஜன் அந்தக் கட்டியோடு போய்விடும். மேலே தெளிந்த நீரில் ஒன்றும் மிஞ்சாது. உறையாமலிருக்க மருந்து சேர்த்தது நீல மூடி. பழைய பிரிவில் எட்டு வருடம் சிவப்பையே எடுத்துப் பழகிய கை.

மணிக்கூண்டு பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். 'பேசட்டும், நல்லாப் பேசட்டும்.'

மதியம் டாக்டர்கள் முன்னால் தட்டு வந்தது. நோயாளிகளின் குழிகள், ஒப்பிட வைத்த நல்ல ரத்தத்தின் குழிகள், எல்லாமே நிறமில்லாத வெறும் தண்ணீர். மைக்குக்கு முதல்முறையாக நாக்குக் குழறியது. கடைசி வரிசையில் ஒருத்திக்கு உள்ளம் குளிர்ந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மைக் மேல தப்பில்ல. ஆன்டிபாடி ஒட்டவே இல்ல. வெளியில வாங்கிக்கலாம். அந்தச் செல்லையெல்லாம் இன்னைக்கே அழிச்சிடுங்க."

"ஒட்டும் சார்!" நாற்காலி பின்னால் சாய, மணிக்கூண்டு எழுந்துவிட்டாள். "குழாய்தான் தப்பு. எல்லாம் சிவப்பு மூடி."

"எப்பப் பார்த்தீங்க?"

பொய் ஒன்று தொண்டைவரை வந்தது. "காலையில."

தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

நீல மூடிகளோடு மறுபடி செய்தார்கள். மாலை ஐந்துக்கு மஞ்சள் பளிச்சென்று வந்தது. செல்கள் பிழைத்தன. முடிவுகளைப் படித்தவளும் மைக்தான், கைதட்டலும் அவளுக்குத்தான். அப்போதும் மணிக்கூண்டுக்கு எரிந்தது.

மறுநாள் சரியாக ஒன்பதுக்கு மைக் குழாய்த் தாங்கியை அவள் முன்னால் வைத்தாள். எல்லாம் நீலம்.

"மூடியைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றாள். "நீங்க பார்த்தாச் சொல்ல மாட்டீங்க. எழுதியாவது குடுங்க."