கொம்புக்குப் பின்னால் ஒரு மைக்

அம்சவல்லிக்கு நல்ல குரல். ஜவ்வாது மலையில் அவள் ஊர்த் திருவிழாவில் அம்மன் பாட்டை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். கணவன் சின்னதம்பி குடகு காப்பித் தோட்டத்துக்குப் போய் மூன்று வருஷம். கடிதம் வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். தன் குரலைக் கேட்டால் ஓடி வந்துவிடுவான் என்று அவள் நம்பினாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவளைக் கட்டிக்கொண்டான். நம்பாமல் என்ன செய்வாள்?

1982 ஆடித் திருவிழாவுக்குக் கண்ணமங்கலத்து மைக்செட்காரர் பாண்டுரங்கன் டேப் ரிக்கார்டரோடு மலையேறி வந்தார். கையில் இருந்தது ஒரே மைக். ஊர் வழக்கப்படி காசி ஊதும் பித்தளைக் கொம்பு சாமிக்கு நேராக நிற்கும். பாடுகிற பெண்கள் அதற்குப் பின்னால். சாமிக் கொம்புக்குத்தான் மரியாதை என்று மைக்கையும் அதன் வாயெதிரே நடச் சொல்லிவிட்டார்கள். மைக்குக்கு மரியாதை என்ன தெரியும்? எதிரே எவன் சத்தம் போடுகிறானோ அவனைத்தான் எடுத்துக்கொள்ளும். பாட்டரி தீர்ந்துவிடும் என்று பாண்டுரங்கன் போட்டுக் காட்டவுமில்லை. கேசட்டை அம்சவல்லி அப்படியே குடகுக்குத் தபாலில் அனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தபால்காரர் படித்தார்: "காசி கொம்பு நல்லா ஊதறான். நீ ஏன் பாடல?"

அன்று அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. தொண்டை கிழியப் பாடியதை நினைத்து ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த ஆடியில் பாண்டுரங்கன் வந்து இறங்கியதும் எதிரே போய் நின்றாள்.

"அண்ணா, இந்த வாட்டி கொம்ப அந்தாண்ட நிக்கச் சொல்லுங்க."

"சாமிக் கொம்புமா. நகத்துனா என்னை மலையிலேர்ந்து உருட்டி வுட்டுருவாங்க."

"கொம்பு நகர வேணாம். மைக்கு நகரலாம் இல்ல?"

பாண்டுரங்கன் தலையைச் சொறிந்தார். இத்தனை வருஷத் தொழிலில் அவருக்குத் தோன்றாத யோசனை. கொம்புக்கு இருபதடி பின்னால், அதற்கு முதுகைக் காட்டியபடி மைக்கை நட்டார். மற்ற பெண்கள் கொம்பை ஒட்டியே நிற்க, அம்சவல்லி மட்டும் மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றாள்.

"நேரா வாய வெக்காத, மூச்சு மோதும். கொஞ்சம் சாஞ்சாப்ல பாடு."

பாடினாள். கேசட் போனது.

கார்த்திகையில் பொட்டலம் திரும்பி வந்தது. சின்னதம்பி அந்தத் தோட்டத்தில் இல்லையாம். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லையாம். தபால்காரர் பொட்டலத்தின்மேல் எழுதியிருந்ததை இரண்டு தரம் படித்துக் காட்டிவிட்டுப் போனார்.

அவள் பஸ் பிடித்துக் கண்ணமங்கலம் போனாள். பாண்டுரங்கன் கேசட்டைப் போட்டார். தன் குரலை அவள் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. கொம்பு எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் ஊதியது. மற்ற பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். கிட்டத்தில் ஒருத்தி மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"யாருண்ணா இது?"

"இன்னாமா கேக்கற? நீதான்."

அம்சவல்லிக்கு அந்தப் பெண்மேல் பாவமாக இருந்தது. இவ்வளவு ஒண்டியாக இருக்கிறாள் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாண்டுரங்கன் கையை நீட்டினார். "நிறுத்திடட்டுமாம்மா?"

"வேணாம்ணா. அவ பாடி முடிச்சிக்கட்டும்."