அரை மாத்திரைக்கு ஆறு வாரம்

நான் செய்த முதல் தப்பு, மாத்திரையை நிறுத்தியது. இரண்டாவது தப்பு, நிறுத்திவிட்டு நாத்தனார் வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனது. இரண்டாவது தப்புக்காக நான் பெரிதாக வருத்தப்படவில்லை என்பதையும் இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், ஒருநாள் ஜெராக்ஸ் மெஷின் முன்னால். செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்து இதய டாக்டரிடம் ஓடினேன். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, மனசைத்தான் கவனிக்க வேண்டும் என்று மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த டாக்டரம்மா தினமும் இரண்டு சின்ன மாத்திரைகள் கொடுத்தார். மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். என்னைத் திரும்ப மனுஷியாக்கியது அதுதான். ஆனால் மனுஷியானதும் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. குணமானவள் எதற்கு மாத்திரை சாப்பிட வேண்டும் என்று, டாக்டரைக் கேட்காமல் எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் சமயநல்லூரில் என் கணவரின் அக்கா கட்டிய புது வீட்டுக்குப் பால்காய்ச்சு வந்தது. மூன்று நாள் தங்கல். என் நாத்தனார் அடுத்தவர் பையைத் திறந்து பார்ப்பதைப் பாசம் என்று நினைப்பவர். மாத்திரை அட்டையைப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டேன். "மாத்திரை எடுத்தாச்சா?" என்று என் கணவர் கேட்டார். "எடுத்தாச்சு" என்றேன். எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியாச்சு என்ற பாதியை மட்டும் சொல்லவில்லை.

சமயநல்லூர் போன இரண்டு ராத்திரியும் பொட்டுத் தூக்கம் இல்லை. பால்காய்ச்சு அன்று காலையில் கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சுருக்கென்று மின்சாரம் ஓடியது. தரை ஓடம் மாதிரி ஆடியது. புது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் குலவையிட்டார்கள். எனக்கு மட்டும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடினேன். அதோடு தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.

நாத்தனார் தட்டிலிருந்த திருநீற்றை அள்ளி என் நெற்றி நிறையப் பூசினார்.

"தாயி, யாரு வந்திருக்கீக? நம்ம குலசாமியா?" என்று கேட்டார்.

இல்லை மதினி, மாத்திரை சாப்பிடவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஐம்பது அறுபது பேர் கைகூப்பி நிற்கிறார்கள். என் மாமனார் தோள் துண்டை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து, புகுந்த வீட்டார் அத்தனை பேரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்து நின்றது அதுதான் முதல் தடவை.

"இட்லிக் கொப்பரை" என்றேன்.

"என்ன தாயி?"

"வாங்கிட்டுப் போன இட்லிக் கொப்பரையத் திருப்பிக் குடு."

இட்லி அவிக்கிற எங்கள் பெரிய பாத்திரம் அது, நாலு வருஷத்துக்கு முன்னால் காதுகுத்துக்கு நாத்தனார் வாங்கிப்போனது. கேட்கும்போதெல்லாம் "பரணுல கெடக்கு, எடுத்துத் தாரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. "தந்துர்றேன் தாயி, இன்னைக்கே தந்துர்றேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மயக்கம் முக்காலே மூணு வீசம் நிஜம். மீதியை நான் சேர்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் எங்கள் காரின் பின்சீட்டில் கொப்பரை ஏறியது. அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். சமயநல்லூரைத் தாண்டியதும் என் கணவர் பயந்த குரலில், "நெசமாவே சாமிதானா?" என்றார். உண்மையைச் சொன்னேன். பரவை வந்ததும் காரை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா எங்கிட்டப் பொய் சொன்னீல்ல" என்றார். தப்புத்தான் என்றேன். "நாளைக்கே டாக்டரப் பாத்துருவோம்" என்றார்.

டாக்டரம்மா கொப்பரைக் கதையை முழுசாகக் கேட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாரே தவிரச் சிரிக்கவில்லை. "நீங்க விழுந்து மண்டைய உடைச்சிருந்தா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"மாத்திரைக்கு அடிமையாயிட்டேனா டாக்டர்?"

"இல்ல. உங்க மூளை ரொம்ப நாளா இந்த மாத்திரையோட பழகியிருக்கு. திடீர்னு எடுத்துட்டா தடுமாறும். மெதுவா எடுத்தா அதுவே சரி பண்ணிக்கும். நிறுத்தணும்னு நினைச்சது தப்பில்ல, சொல்லாம நிறுத்துனதுதான் தப்பு."

பழைய அளவை மறுபடி ஆரம்பித்தோம். தலைக்குள் ஓடிய மின்சாரம் ஒரு வாரத்துக்குள் நின்றது. உடனே குறைக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கல்லூரியில் அட்மிஷன் நடக்கும் மாதங்கள் எனக்கு எப்படி இருக்கும் என்று விசாரித்தார். பேய் பிடித்த மாதிரி இருக்கும் என்றேன். அது முடியட்டும் என்றார். முடிந்ததும் இரண்டை ஒன்றரையாக்கினார், அதுவும் ஆறு வாரத்துக்கு. பிளேடால் வெட்டலாமா என்று கேட்டதற்கு, நடுவில் கோடு போட்ட மாத்திரையை மட்டும்தான் உடைக்கலாம், மற்றதைக் கேட்காமல் தொடவே கூடாது என்றார். "அரை மாத்திரைக்கு ஆறு வாரமா?" என்று இழுத்தேன். "அவசரமா வேற எங்கயாச்சும் சாமியாடப் போகணுமா?" என்று கேட்டார்.

தூக்கமும் மனசும் எப்படி இருக்கிறது என்று தினமும் ஒரு வரி எழுதி வரச் சொன்னார். என் கணவரிடமும், கவனித்துக்கொள்ளுங்கள், ரொம்ப வாடிப்போனாலோ சாவு கீவு என்று பேசினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் கூட்டி வாருங்கள் என்றார். அவர் அதைக் கேட்டுக்கொண்டு தனியாக ஒரு நோட்டே போட்டுவிட்டார். அடுத்த தடவை டாக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். என்னுடையதில் "இன்று மனம் அமைதி" என்று இருந்த தேதிக்கு, என் கணவருடையதில் "மிக்ஸி மூடியை வீசினாள், என் மேல் படவில்லை" என்று இருந்தது. இன்னொரு நாளைக்கு அவர் எழுதியது: "கோபம் அதிகம். காரணம் நான். மாத்திரை கணக்கில் சேர்க்க வேண்டாம்." அன்றைக்குத்தான் டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

மாத்திரையைவிடத் தூக்கம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ராத்திரி வராத தூக்கம் மதியம் வந்து கழுத்தைப் பிடிக்கும். டாக்டரம்மா போட்ட சட்டங்கள் மூன்று. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். பகலில் தூங்கவே கூடாது. முதல் இரண்டையும் சமாளித்தேன். மூன்றாவதைக் கேட்டபோது, இந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டதே இல்லையோ என்று தோன்றியது.

வீட்டில் இருந்தால் தூங்கிவிடுவேன் என்று பயந்து, ஞாயிறு மதியம் டவுன் பஸ் ஏற ஆரம்பித்தேன். பெண்களுக்குத்தான் டிக்கெட் இல்லையே. ஒத்தக்கடையில் ஏறிப் பெரியார் பஸ் ஸ்டாண்டு, அங்கே மாறிப் பரவை மார்க்கெட், காய் வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்ப வேண்டியது. நல்ல யோசனைதான். ஆனால் ஜன்னல் காற்று என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன். முதல் வாரம் யானைமலையைத் தாண்டியதுகூடத் தெரியாது. பெரியாரில் கண்டக்டர் என் தோளுக்குப் பக்கத்தில் கம்பியைத் தட்டி எழுப்பினார். இரண்டாவது வாரமும் அவரே எழுப்பினார். மூன்றாவது வாரம் பொறுமை போய்விட்டது அவருக்கு.

"ஏக்கா, தூங்குறதுக்குன்னே வண்டி ஏறுறீகளா?"

"தூங்காம இருக்கத்தான் தம்பி ஏறுறேன். டாக்டர் சொல்லியிருக்காக."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பச் சீட்டுல ஒக்காராதீக. இப்புடி வந்து நில்லுங்க" என்று முன்பக்கக் கம்பத்தைக் காட்டினார். பாதி வண்டி காலியாகக் கிடக்க, நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏறுகிற கிழவிகள் எல்லாம் "அம்புட்டு எடம் கெடக்கே, ஒக்காரு தாயி" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். "அவுகள ஒக்கார விடாதீக" என்று பின்னாலிருந்து கண்டக்டர் சத்தம் போடுவார். நான் என்ன குற்றம் செய்தேன் என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். நானும் விளக்கம் சொல்வதில்லை. ஒரு அம்மா மட்டும் என் காதோரம், "மூலமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். அவர் பரிதாபப்பட்டு, மூலத்துக்கு நல்லது என்று ஒரு கட்டு துத்திக்கீரை கொடுத்துவிட்டு இறங்கினார்.

பஸ்ஸில் நின்று நின்றே ராத்திரித் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அதன் இடத்துக்கு வந்தது. ஒன்றரை ஒன்றானது. ஒன்று அரையானபோது சறுக்கிவிட்டேன். இரண்டாவது வாரத்திலேயே படபடப்பு, காலையில் எழும்போதே அழுகை. கல்லூரியில் ஒரு பெண் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றாள். அவள் பெயரை எழுதக் கை வரவில்லை. இந்த முறை நான் விளையாடவில்லை. மதியமே லீவு சொல்லிவிட்டு டாக்டரம்மாவிடம் போனேன். தோற்றுவிட்டேன் என்று அழுதேன்.

"மாடிப்படி எறங்கும்போது கால் தடுக்குனா ஒரு படி மேல ஏறி நிக்கிறதில்லையா?" என்றார். ஒரு மாத்திரைக்கே திரும்பினோம். இரண்டு மாதம் அங்கேயே நின்றோம். அப்புறம் அதே மருந்தைத் தண்ணீர் மருந்தாகக் கொடுத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து, பொடிப்பொடியாகக் குறைத்தார். கடைசிக் கொஞ்சம்தான் பலருக்கும் கஷ்டம் என்றார். அந்தக் கொஞ்சத்துக்கே எனக்கு ஐந்து மாதம் ஆனது.

இப்போது மாத்திரை இல்லாமல் முக்கால் வருஷம் ஓடிவிட்டது. படபடப்பு திரும்பினால் வரச் சொல்லியிருக்கிறார். வந்தால் போவேன், மறுபடி சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடுவேன், அதில் எனக்கு இப்போது வெட்கமில்லை.

போன வாரம் ஒருநாள் விடியும்வரை தூக்கம் வரவில்லை. எழுந்து வந்து ஹாலில் உட்கார்ந்து ஒரு கிலோ மொச்சை உரித்தேன். காலையில் அலுவலகத்தில் சூப்பிரண்டெண்ட் முன்னால் பெரிய கொட்டாவி ஒன்று வந்தது.

"என்னம்மா, ராத்திரித் தூங்கலையா?" என்றார்.

"இல்ல சார்" என்றேன்.

"எனக்குந்தான்" என்று சொல்லிவிட்டு அவரும் ஒரு கொட்டாவி விட்டார். இரண்டு பேருக்கும் டீ சொல்லிவிட்டு நான் என் மேஜைக்குப் போனேன்.