கொட்டில் கூரையில் மட்டும் பனி இல்லை

மேல்வீட்டு அண்ணை, என் முயல்கள் இரண்டையும் கொன்றது நீங்கள்தான். குளிரும் கொல்லவில்லை, நானும் கொல்லவில்லை.

வாசிக்கிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். மொன்றியலில், கார்ட்டியர்வில் பக்கம் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் இருக்கிறோம். மேலே அண்ணையும் அவர் மனைவியும். பின்வளவில் ஒரு பலகைக் கொட்டில். மகள் முயல் கேட்டாள். அவளுக்கு மூச்சு இழுப்பு இருப்பதால் வீட்டுக்குள் வளர்க்க முடியாது. அதனால் பழைய சைக்கிள்களை வெளியே போட்டுவிட்டுக் கொட்டிலைத் திருத்தினேன். டோர்வல் விமான நிலையத்தில் விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை முடிந்து வந்து, பின்னேரங்களில் நானே ஆணி அடித்தேன். சுவருக்குள் தடித்த நுரைப்பலகை, அதன்மேல் பிளைவுட், கூரைக்குக் கீழே இரண்டு காற்றுத் துவாரம், ஒரு பெட்டி நிறைய வைக்கோல்.

முதல் மாரியில், குளிருக்குப் பயந்து நானும் ஒரு ஹீட்டர் வாங்கினேன். மிருக வைத்தியம் பார்க்கிற பெண் சிரித்தாள். "மதாம், இதுகள் கம்பளிக் கோட்டோடு பிறந்தவை. உங்களைப் போல இல்லை. சூடும் அடைபட்ட காற்றும்தான் இவற்றைக் கொல்லும்" என்றாள். ஹீட்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் ஒருநாளைக்கு மூன்று தரம் மாற்றினேன். வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. கதவைத் திறந்தால் மண்ணிற முயல் அந்தரத்தில் உடம்பை முறுக்கித் துள்ளும். மகள் பிரெஞ்சுப் பாடத்தை அதுகளுக்கு வாசித்துக் காட்டுவாள். வெள்ளை முயல் கொப்பியில் பாதியைத் தின்றது.

போன மாரியில் ரொறன்ரோவில் ஒரு செத்தவீடு. மூன்று நாள் போகவேண்டி வந்தது. கொட்டில் பூட்டின் திறப்பை அண்ணையிடம் கொடுத்தேன்.

"ஹீட்டர் கீட்டர் ஒண்டும் வேண்டாம் அண்ணை. வைக்கோலும் தண்ணியும் காணும்."

"ஓம், ஓம். ஆனா பிள்ளை, ரெண்டு சோடி மேசு போட்டும் எனக்கே கால் விறைக்குது. அதுகள் பாவமெல்லோ?"

"அதுகளுக்குக் கால் விறைச்சா நான் மேசு பின்னிப் போடுறன். நீங்கள் தண்ணியை மட்டும் மாத்துங்கோ."

சிரித்தார். விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அக்கம்பக்கத்துக் கூரையெல்லாம் ஒரு முழ உயரத்துக்குப் பனி. எங்கள் கொட்டில் கூரை மட்டும் கறுப்பாகக் கிடந்தது. விளிம்பில் ஐஸ் ஈட்டி ஈட்டியாகத் தொங்கியது. உள்ளே சூடு ஏறினால்தான் கூரைப் பனி அப்படி உருகும். உள்ளே இரண்டும் செத்திருந்தன. குளிரில் சாகிற பிராணி வைக்கோலுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாகும். இவை வைக்கோலை விட்டு விலகி, ஆளுக்கொரு மூலையில், வெறும் பலகையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தன. துவாரம் இரண்டிலும் பூப்போட்ட துவாய் அடைக்கப்பட்டிருந்தது. அண்ணை, அந்தத் துவாய் உங்கள் பல்கனிக் கொடியில் காய்ந்ததை எத்தனை தரம் பார்த்திருப்பேன்! பிளைவுட்டில் பழுப்பாக ஒரு சூட்டு அடையாளம். நீங்கள் கொண்டுவந்து வைத்த ஹீட்டரை மட்டும் காணவில்லை.

"குளிர் தாங்கேல்லைப் பிள்ளை" என்றீர்கள், சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் நின்று, "முயலைக் கொட்டிலுக்க விறைக்க விட்டிட்டு ரொறன்ரோ போட்டினம்" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னீர்கள். உங்களுக்குப் பின்னால் என் மகள் தட்டோடு நின்றாள்.

வரும் வழியில் காரில் கேட்டாள்: "அம்மா, நீங்க ஹீட்டரை ஏன் திருப்பிக் குடுத்தனீங்க?"

துவாயைக் காட்டினேன். கூரையைப் பற்றிச் சொன்னேன். "பெரியப்பா பொய் சொல்லமாட்டார்" என்றாள். உங்களைத்தான் அவள் பெரியப்பா என்கிறாள். அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் ஓமுக்கு ஒரு 'வி', இல்லைக்கு ஒரு 'நோ', அவ்வளவுதான். கொட்டில் பக்கமே போவதில்லை.

"அவர் பாவம் பாத்துத்தானே வைச்சவர், விடப்பா" என்கிறார் என் கணவர். எனக்கும் அது தெரியும். சூடான நாட்டில் பிறந்து வந்தவர்களுக்குக் குளிர் என்றால் எமன். அந்த மிருக வைத்தியப் பெண் சொல்லியிராவிட்டால் முதல் மாரியிலேயே அதே வேலையை நான் செய்திருப்பேன். ஆகவே ஹீட்டரை மன்னிப்பேன். அதை ஒளித்துவிட்டுப் பழியை என் தலையில், என் பிள்ளைக்கு முன்னால் போட்டீர்களே, அதை மன்னிக்கமாட்டேன்.

படியில் மறித்துக் கேட்டபோதெல்லாம் "பேந்து கதைப்பம் பிள்ளை" என்றீர்கள். பனி கரைந்து புல்லும் முளைத்துவிட்டது. உங்கள் பேந்து இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து தனியாக மன்னிப்புக் கேட்கவேண்டாம். கதவு திறக்கமாட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை அதே மண்டபத்தில், அதே சாப்பாட்டு வரிசையில், என் மகளுக்கும் அந்த நாலு பேருக்கும் கேட்கச் சொல்லுங்கள்: கொட்டிலுக்குள் ஹீட்டர் வைத்தது யார்? துவாரத்தை அடைத்தது யார்?