இன்னும் ஒரு கோழி இருந்தால்

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். என் வீட்டுக்காரருக்குத் தினமும் ஒரு முட்டை கொடுக்க வேண்டும். நெஞ்சைப் பிடித்த படத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, எங்கெங்கே அரித்திருக்கிறது என்று டாக்டர் விரலால் காட்டினார். ஊசி, மாத்திரை, எத்தனை மாதம், என்றைக்கு வர வேண்டும் என்றெல்லாம் சொன்னார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் முட்டையைப் பிடித்துக்கொண்டேன். மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் கையில் இருந்தது. அது ஒன்றுதான் என் கையால் ஆகிற காரியம்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. படாளத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். இவர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். தவிட்டுத் தூசியில் வருகிற இருமல் என்றுதான் ரொம்ப நாள் விட்டுவைத்திருந்தோம். டீபி என்று தெரிந்ததும் மில்லில் இனிமேல் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். சொந்தக்காரர்கள் வாசலில் நின்றபடியே விசாரித்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் குடிக்கக்கூட யாருக்கும் மனசு வரவில்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அவர் இருமினால் நான் கேட்பேன், நான் அழுதால் அவர் கேட்பார். அவ்வளவுதான் வீடு.

நான் ஐந்தாவதோடு நின்றவள். அம்மா நடவுக்குப் போய்விடுவாள், வீட்டில் ஆள் இல்லை, நின்றுவிட்டேன். பயப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை, அதை நான் நிறையவே கற்றிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து மறுபடி போய்ப் பார்ப்பேன். பஸ் ஏறினால் கவிழ்ந்துவிடுமோ என்று இருக்கும். அப்படிப்பட்டவளிடம்தான் டாக்டர் தினமும் என்ற சொல்லைச் சொல்லி அனுப்பினார்.

முதல் கோழியைப் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் வாங்கினேன். புதுக் கோழி பழைய வீட்டுக்கே ஓடிவிடும் என்பதால், அதைத் தூக்கிக்கொண்டு உரலை மூன்று சுற்றுச் சுற்றி, காலில் கயிறு கட்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அதற்கே அந்த அம்மா சிரித்தாள்.

"அது எங்கடி ஓடப்போவுது? ஓடனா நானே தூக்கி இந்தாண்ட போடறேன்."

கோழி முட்டையிட்டது. வெதுவெதுப்பு ஆறுமுன்னே எடுத்து, பாதி வேக்காட்டில் மிளகுத்தூள் போட்டுக் கொடுத்தேன். ஆனால் நாட்டுக் கோழிக்கு டாக்டர் சொன்னது தெரியாதே. ஒரு நாள் இடும், ஒரு நாள் விடும். பத்துப் பன்னிரண்டு இட்ட பிறகு ஒரேயடியாக அடைக்கு உட்கார்ந்துவிடும். கீழே முட்டை இல்லாவிட்டாலும் வெறும் மண்ணை அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடக்கும். அது மறுபடி முட்டைக்கு வர மாதக்கணக்காகும். அந்த வெறும் நாட்களை விரல் விட்டு எண்ணினேன். இன்னும் ஒரு கோழி இருந்தால் இது உட்காரும்போது அது இடுமே என்று தோன்றியது. வாங்கினேன். இரண்டும் பேசிவைத்த மாதிரி ஒன்றாக அடைக்கு உட்கார்ந்தன. மூன்றாவதை வாங்கினேன்.

அடை தெளிவிக்க எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. கோழியின் இறகிலேயே ஒன்றைப் பிடுங்கி அதன் மூக்குத் துளையில் குறுக்கே செருகிவிடுவோம். அதைத் தட்டிவிடப் பார்க்கிற அவஸ்தையில் கோழிக்கு அடை மறந்துபோகும். நான் செருகிக்கொண்டிருப்பதைக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, இத்த ஆஸ்பத்திரில எனுக்கும் பண்ணச் சொல்லேன். இருமலு மறந்து பூடும்."

"சும்மா இருய்யா."

"ஒரு முட்டைக்கு எத்தினி கோழி மே? கோழி எனுக்கு வைத்தியம் பாக்குதா, நீ கோழிக்கு வைத்தியம் பாக்கறியா?"

எண்ணிக்கை ஏற ஏற நிம்மதி வரும் என்றுதான் நினைத்தேன். வந்தது பயம்தான். ஒரு கோழி இருந்தபோது ஒரு கோழிக்கான பயம். பருந்து தூக்கிப்போகுமோ, கீரி கடித்துவிடுமோ, யார் வீட்டு வைக்கோல் போரிலாவது முட்டையிட்டுவிட்டு வருகிறதோ என்று. கோழிகள் கூடினபோது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அதே பயம். அந்தப் பயத்துக்கு மருந்தாக எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்னும் ஒரு கோழி. நாங்கள் கஞ்சிக்கு வைத்திருந்த நொய்யை அவற்றுக்கு இறைத்தேன். பக்கத்து வீட்டு முற்றத்தில் காயவைத்த மணிலாக் கடலையை அவை கிளறிப்போட்டன. அந்த அம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாள்.

"ரெண்டு மூணை வித்துத் தொலையேன்டி. இது இன்னா வூடா, கோழிச் சந்தையா?"

விற்கலாம் என்று பிடிக்கப் போவேன். எதைப் பிடித்தாலும், நாளைக்கு மற்றதெல்லாம் ஏமாற்றி இது ஒன்றுதான் இடப்போகிறது என்று தோன்றும். விட்டுவிடுவேன்.

தை மாதம் அவருக்கு உடம்பு தேறியது. கன்னத்தில் சதை வைத்தது. ஏரிக்கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்து, "பாரு, மூச்சு வாங்கல" என்று என் முன்னால் நின்று காட்டினார். அந்த வருஷத்தில் நான் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பக்கத்துக் கொல்லையில் கரும்பு வெட்ட ஆள் கேட்டார்கள், போனார். ஊசிக்குப் போகிற நாளில் கூலி போகிறது என்று ஒரு தடவை விட்டார். பிறகு இன்னொரு தடவை.

"ஊசி போட்டா ஒடம்பு சூடாவுதுமே. என்னைத் தேத்துனது உன் கோழிங்கதான். அது போதும்."

எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் கையால் ஆனது அல்லவா. மதுராந்தகம் சந்தையிலிருந்து மேலும் ஒன்று வாங்கிவந்தேன். இவ்வளவு தூரம் தேறிவந்த உடம்பு முட்டை தவறினால் மறுபடி படுத்துவிடும் என்ற நினைப்பு அப்போதுதான் முன்னைவிடப் பலமாகப் பிடித்துக்கொண்டது.

சித்திரையில் என் அக்கா வந்தாள். திருவிடந்தைக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்பு ஓரமாக இருக்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மாமல்லபுரம் வந்து, பஸ் மாறித் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து படாளத்தில் இறங்கி நடந்து வருவாள். இவருக்குச் சீக்கு என்று தெரிந்த பிறகும் வந்தவள் அவள் ஒருத்திதான். வருவாள், எங்களோடு உட்கார்ந்து எங்கள் தட்டில் சாப்பிடுவாள், போவாள். இந்தத் தடவை இடுப்பில் ஒரு கூடை இருந்தது. மேலே மீன் வலைத் துண்டு போட்டுக் கட்டியிருந்தாள். உள்ளே கோழிகள்.

"எங்கூர்ல கோழிங்களுக்கு சீக்கு வந்துகீதுடி. காலைல நல்லா மேஞ்சிகினு கீது, சாயங்காலம் பாத்தா கழுத்த திருப்பிகினு வுழுந்து கெடக்குது. இதுங்களுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா துன்னுது. சீக்கு அடங்கற வரிக்கும் உங்கூட்ல இருக்கட்டும்."

இது எங்கள் பக்கத்து வழக்கம். ஓர் ஊரில் கோழிக் கழிச்சல் வந்தால், நன்றாக இருக்கிற கோழிகளை வேற்றூரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை. நாளைக்கு நம் ஊரில் வந்தால் நாமும் அங்கேதான் கொண்டுபோக வேண்டும். இப்படிக் கொண்டுபோவதால்தான் ஊருக்கு ஊர் பரவுகிறது என்று யாருக்கும் தோன்றியதில்லை.

இவருக்குத் தோன்றியது. கரும்பு வெட்டிவிட்டு வந்து கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"சீக்கு வந்த ஊர்லேர்ந்து கொணாந்துகீறியேக்கா. இங்க கீறதுங்கோ இன்னா ஆவறது?"

அக்கா கூடையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"உனுக்கு சீக்கு வந்தப்போ நான் இந்த வாசப்படிய மிதிக்காம இருந்தேனா தம்பி?"

இவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து அது இருமலாகிவிட்டது. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மூச்சு வந்ததும் கையைக் காட்டினார்.

"அதுக்கு மேல நான் இன்னா பேசறது? அவுத்து வுடுக்கா."

அக்கா கேட்ட கேள்விக்காக அவர் ஒத்துக்கொண்டார். நான் அதற்காக என்றுகூடச் சொல்ல முடியாது. பயந்தேன், ஆனால் அவிழ்த்துவிட்ட கோழிகளைப் பார்த்த மாத்திரத்தில் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. நல்ல கோழிகள், முட்டையிடுகிற பருவத்தில் இருந்தன. இதுகளும் இட்டால் ஒரு நாளும் தவறாதே என்று நினைத்தேன். அக்கா புறப்படும்போது, "முட்டைய நீயே எடுத்துக்கோ, எனுக்கு கோழி திரும்பி வந்தா போதும்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு வாரம் கூட ஆகியிருக்காது. அவள் கொண்டுவந்ததில் ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். சின்ன வெங்காயமும் மஞ்சளும் மிளகும் அரைத்து உருண்டையாக்கி ஒவ்வொன்றின் வாயிலும் திணித்தேன். மதுராந்தகத்துக்கு ஓடினேன். கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஊசி, சீக்கு வருவதற்கு முன்னால் போடுவதம்மா, வந்த பிறகு இல்லை என்றார். திரும்பி வரும்போது கரியன் என்று நான் கூப்பிடுகிற கறுப்புக் கோழி விழுந்து கிடந்தது. அதற்கப்புறம் தினமும் ஒன்று, இரண்டு. கழுத்தைத் திருப்பி வானத்தைப் பார்த்தபடி சுற்றும், விழும். இவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பின்பக்கம் குழி வெட்டிப் புதைத்தேன். சீக்கு வேலிக்கு அந்தப் பக்கமும் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரம்மா செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டாள்.

"மனுசன் சீக்கு பத்தலன்னு கோழிச் சீக்க வேற கொணாந்து வெச்சியா? தெருவே தொடச்சிகினு பூட்ச்சிடி."

அவள் சொன்னது பொய் இல்லை. தெருவில் கோழி கூவுகிற சத்தமே நின்றுபோனது. முட்டை கேட்டு வீடு வீடாகப் போக எனக்கு முகம் இல்லை, போனாலும் யாரிடமும் முட்டை இல்லை. செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிப் பண்ணையிலிருந்து வருகிற வெள்ளை முட்டை வாங்கிவந்தேன். அதில் சத்தில்லை என்று ஊரில் சொல்வார்கள். இவர் சாப்பிட்டார். மறுநாளே இருமலில் ரத்தம் வந்தது. முட்டையால் வந்ததா என்று பயந்துகொண்டே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

அதே டாக்டர்தான். சீட்டைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஊசி போட்டுக்கொள்ள ஏன் வரவில்லை?"

"நல்லா ஆயிடுச்சுங்க. முட்டை குடுத்துகினுதான் இருந்தேன்."

"முட்டை மருந்து இல்லையம்மா" என்றார் டாக்டர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மறுபடி மருந்து ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை அது கேட்பது கஷ்டம் என்று வெளியே கூப்பிட்டு என்னிடம் சொன்னார்கள். இவரிடம் நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார். பஞ்சு மூட்டை மாதிரி இருந்தார்.

ஆடி மாதம் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு ஒரு கோழிக்காரர் தெருவில் வந்தார். டாக்டர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் இருந்தது. ஆனாலும் சத்தம் கேட்டதும் எழுந்து போய்விட்டேன். கூடையில் இருந்ததெல்லாம் வெடைகள், முட்டைப் பருவத்துக்கு வராத இளங்கோழிகள். அதில் ஒன்றை வாங்கிவந்து கட்டில் காலில் கட்டினேன்.

"எப்போ முட்டையுடும்?" என்று கேட்டார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"அடுத்த வாரம் உட்ருமாம். சொல்லித்தான் குடுத்தாரு."

அவர் கையை நீட்டினார். கோழியைத் தூக்கி அவர் பக்கத்தில் வைத்தேன். தலையைப் பிடித்துக் கொண்டையைப் பார்த்தார். இடப்போகிற கோழிக்குக் கொண்டை ரத்தச் சிவப்பாக இருக்கும். இதற்குச் சின்னதாக, வெளுத்து, காய்ந்த ரோஜா இதழ் மாதிரி இருந்தது. ஐப்பசிக்கு முன்னால் அது முட்டையிடாது. இத்தனை மாதம் கட்டிலில் கிடந்து கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. பொய் பிடிபட்டுவிட்டது என்று நான் நின்றேன்.

அவர் கோழியை என்னிடம் கொடுத்தார்.

"கோழிக்காரன் பூட்டானா?"

"தெருக்கோடில கீறாரு."

"ஓடு. கூட ஒண்ணு வாங்கிக்கோ. இது அடைக்கு ஒக்காந்தா இன்னா பண்ணுவே?"

ஓடினேன். தெருக்கோடி தாண்டிப் போய்விட்டிருந்தார், கூப்பிட்டு நிறுத்தி வாங்கினேன். ஆவணி பிறந்து சில நாளில் இவர் போய்விட்டார். இரண்டு கோழியும் அப்போது கொண்டை சிவக்காமல் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.