நெத்தி லைட்டு

என் ஆட்டைச் சுட்டது என் தாய்மாமன்தான். சாகிற வரைக்கும் அந்த ஆள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. செத்தவரைத் திட்டாதே என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் திட்டுவேன்.

அப்போது எங்கள் வீடு கிளியூரில், காப்பித் தோட்டத்தை ஒட்டி இருந்தது. எனக்குப் பத்து வயது. தாயில்லாத பெட்டைக்குட்டி ஒன்றைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன். செம்பி என்று பெயர். மாமா அந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். பகலில் கூலியாட்களை அதட்டுவார். இருட்டினால் நாட்டுத் துப்பாக்கியோடு திருட்டு மான் வேட்டைக்குப் போவார்.

ஒருநாள் சேலத்திலிருந்து நெற்றியில் கட்டுகிற லைட்டு இரண்டு கொண்டுவந்தார். தலையைச் சுற்றிப் பட்டை, இடுப்பில் பேட்டரிப் பெட்டி. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தருவதாகக் கடையில் பேச்சு. எது நல்லது என்று பார்க்க அவருக்கு ஒரு ஜோடிக் கண் வேண்டியிருந்தது. மான் கண்ணும் ஆட்டுக் கண்ணும் இருட்டில் ஒரே மாதிரி மின்னுமாம்.

“செம்பியப் புடிச்சுக்கிட்டு அந்த மரத்தாண்ட நில்லு கண்ணு.”

வெள்ளை லைட்டு அகலமாகப் பரவிப் புதரைத்தான் காட்டியது. செம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மஞ்சள் லைட்டு ஒடுக்கமாக, தூரமாகப் போனது. செம்பியின் கண் இரண்டும் கங்கு மாதிரி எரிந்தன. மஞ்சள்தான் என்று முடிவாயிற்று.

அதோடு விட்டாரா? எவ்வளவு தூரத்தில் கண் தெரியும் என்று தினமும் சோதனை. செம்பி எங்கேயோ பார்த்துத் துள்ளியது. அது லைட்டையே பார்க்க வேண்டும் என்று மாமா கையில் பலா இலையை வைத்துக்கொண்டார். சோதனை முடிந்ததும் நான் கயிற்றை விடுவேன். அது ஓடிப்போய் இலையைத் தின்னும். லைட்டு எரிந்தால் இலை. நாலே நாளில் படித்துவிட்டது. நான் கைதட்டிச் சிரித்தேன்.

ஐந்தாம் நாள் ராத்திரி தோட்டத்துப் பக்கம் வெடிச் சத்தம். காலையில் செம்பி இல்லை, அவிழ்ந்த கயிறுதான் கிடந்தது.

“ஒழுங்காக் கட்டத் துப்பில்லையா உனக்கு?” என்று அம்மா முதுகில் இரண்டு வைத்தாள்.

மத்தியானம் வீட்டில் மான் கறி. இருட்டில் எப்படி ஒரே வெடியில் விழுந்தது என்று அப்பா கேட்டார். மாமா தட்டைப் பார்த்தபடியே வாயை விட்டுவிட்டார்.

“நேரா என்னப் பாத்து நடந்து வந்துச்சுங்க மச்சான்.”

அப்பாவின் கை சோற்றில் நின்றது. லைட்டைப் பார்த்தால் மான் நின்று முழிக்கும், நடந்து வராது. அது அங்கிருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். தோல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. வயிறு சரியில்லை என்று அம்மா சாப்பிடவில்லை. நான் ஒருத்திதான் இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன். இதையெல்லாம் அம்மா என் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள். அதுவும் சிரித்துக்கொண்டே.

அன்று சாயங்காலம் நான் அழுவதைப் பார்த்து மாமா அந்த மஞ்சள் லைட்டை என் தலையில் கட்டினார். என் கையில் பலா இலையைக் கொடுத்தார்.

“கூப்புடு சாமி. வெளிச்சத்தப் பாத்தா வந்துரும்.”

காப்பிச் செடிகளுக்குள் தொண்டை கட்டுகிற வரை கூப்பிட்டேன். அவரும் கூப்பிட்டார், என்னைவிடச் சத்தமாக. இந்த வீட்டில் செம்பிக்காக அலைகிறவர் மாமா ஒருவர்தான் என்று நினைத்து, அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.