ஐந்தாவது வால்வு

மின்சார அலுவலகத்தின் மீட்டர் சோதனை அறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த அவரை எல்லோரும் 'முள்ளு சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். யார் வந்து பேசினாலும் மீட்டரின் முள்ளைப் பார்த்தபடியே பதில் சொல்வார். கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒருநாள் நின்றே போனது. ஓய்வு பெற்றபின் மூன்றாவது மாடி வீட்டில் தனியாக இருந்துகொண்டு, பழைய வால்வு ரேடியோக்களைச் சரிபார்ப்பதில் பொழுதை ஓட்டினார்.

ஒரே ஒரு அக்கா. அதே ஊரில், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அவளோடு பேசி பதினோரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அக்கா இரண்டு முறை போன் செய்தபோது, "கையில இருக்கறத முடிச்சிட்டு வரேன்" என்றார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"உனக்கு மனுஷங்களவிட மெஷின்தான்டா பெருசு" என்றாள் அக்கா.

"பக்கத்துலயே இருந்து நீ என்ன காப்பாத்திட்ட?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு சொல்லோடு போக்குவரத்து அறுந்தது.

இப்போது அக்காவும் இல்லை. சாவுக்குப் போனவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டுத் திரும்பினார். இரண்டு மாதம் கழித்து, அக்காவின் கணவர் ஒரு போர்வையில் ரேடியோவைச் சுற்றி எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"அவ வெச்சிருந்தது. போன வாரம் போட்டேன், சத்தமே இல்ல. நீ பாரேன், மாப்ள."

"வெச்சிட்டுப் போங்க மாமா."

மாமா போர்வையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினார். எடுத்த எடுப்பில் கரண்ட் கொடுத்தால் இருக்கிற உயிரும் போய்விடும். சின்ன பல்பு போலிருந்த ஐந்து கண்ணாடி வால்வுகளையும் ஒவ்வொன்றாக அசைத்துக் கழற்றி, எது எந்தக் குழியில் இருந்தது என்று குறித்துக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார். உள்ளே வெள்ளி பூசியது போன்ற திட்டு பளபளப்பாக இருந்தால் நல்லது. பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்தது என்று பொருள். ஐந்திலும் வெள்ளி மின்னியது. பிறகு சூடேறும் இழை அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்தார். எதிலும் அறுந்திருக்கவில்லை. கடைசியாக வால்வு டெஸ்டரில் ஒவ்வொன்றாகச் செருகினார். நான்கு வால்வுகளுக்கு முள் தயங்கித் தயங்கிப் பச்சைக் கோட்டைத் தொட்டது. வயசானாலும் வேலைக்கு ஆகும்.

ஐந்தாவது, ஸ்பீக்கரை ஓட்டுகிற வால்வு. அதற்கு முள் துள்ளி எழுந்து பச்சையின் கடைசிக்கே போனது. புத்தம் புதிது. அடிப்பாகத்தில் நீல மையில் போன வருடத் தேதி. கூடவே ஒரு முத்திரை. அந்த முத்திரை அவருக்குத் தெரியும். அடுத்த தெருமுனையில் இருக்கிற ரேடியோக் கடை.

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கடைக்காரர் வால்வைப் பார்த்ததும் சொன்னார். "அந்த அம்மாதானே? தூக்க முடியாமத் தூக்கிட்டு வந்தாங்க. இவ்ளோ தூரம் ஏம்மா வந்தீங்கன்னு கேட்டேன். 'என் தம்பி வீடு இங்கதான். அவனுக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு'ன்னாங்க. அப்ப அவர்கிட்டயே குடுக்கலாமேன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'மாடிப்படி வரைக்கும் போனேன். ஏற மனசு வரல'ன்னாங்க."

முள்ளு சார் முதல்முறையாக ஒருவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "எத்தன மணி இருக்கும்?"

கடைக்காரருக்குக் கேள்வி விளங்கவில்லை. "காலைல பதினொண்ணு இருக்கும். ஏன் சார்?"

அந்த நேரத்தில் அவர் எப்போதும் வீட்டில்தான் இருப்பார். அன்றும் ஜன்னலோரம் ஏதோ ஒரு வால்வைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார். தலையை நீட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

திரும்பி வந்தவர் வெகுநேரம் ரேடியோவைத் தொடவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை.

வால்வுகளில் குற்றமில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் கம்பி ஒன்று விட்டிருந்தது, பற்றவைத்தார். ஒரு கண்டன்சரிலும் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. விட்டிருந்தால் அந்தப் புது வால்வையும் தின்றிருக்கும், அதையும் மாற்றினார். ரேடியோ பேசியது. உடனே அணைத்துவிட்டு மாமாவுக்குப் போன் செய்தார்.

"நீயே வெச்சுக்கோ மாப்ள. அவ இல்லாத வீட்ல அது பேசினா எனக்குத் தாங்காது."

"நான் கூட இருக்கேன் மாமா. கொண்டு வரேன்."

"சரி, சாப்பிடாம வா. இன்னும் ரெண்டு பேருக்குத்தான் வடிக்கிறேன். கை அளவு மாற மாட்டேங்குது."

அதிகம் பேசாமல் சாப்பிட்டார்கள். கடையில் கேட்டதைச் சொன்னபோது மாமா, "எங்கிட்டகூடச் சொல்லல பாரு" என்று மட்டும் சொன்னார். பிறகு ரேடியோவைப் போட்டார்கள். யாரோ வானிலை அறிக்கை வாசித்தார். மாமா நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். முள்ளு சார் சத்தத்தைக் குறைத்தார். சொல்லிக்கொள்ளாமல் போக மனமில்லாமல், அவர் விழிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.