காசோலையில் பாதி, கையில் பாதி

மேடையில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேர், நடுவில் நடுவர். நடுவராக இருந்தவர் அம்மா வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையின் முதலாளி. எதிரணியின் முதல் பேச்சாளர் வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் ஏஜென்ற் ஒருவர். எங்கள் அணியின் கடைசிப் பேச்சாளர் நான். அம்மா மண்டபத்தின் பின்புறச் சமையலறையில், ரோல்ஸ் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றார். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் கீழே கதிரைகளில் இருந்தார்கள். அப்பா வரவில்லை.

அப்பா எந்த விழாவுக்கும் வருவதில்லை. தளபாடத் தொழிற்சாலையில் பாரம் தூக்கி முதுகு போனபிறகு அவருக்கு அரசாங்கத்தின் டிசபிலிட்டி உதவிப்பணம் வருகிறது. சில நாள் நன்றாக நடப்பார், சில நாள் கட்டிலை விட்டு எழும்ப மாட்டார். நன்றாக நடக்கும் நாளில் யாராவது கண்டுவிட்டால், “உவர் வடிவா நடக்கிறார், பிறகென்ன உவருக்கு வெல்பெயர்?” என்ற கதை அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்துவிடும். நடக்க முடியாத நாளில் அவரால் வர முடியாது. ஆகவே இரண்டு வகை நாட்களிலும் அவர் வீட்டில்தான்.

எங்கள் ஊர்ச்சங்கம் குளிர்காலத்தில் ஒரு ஒன்றுகூடல் வைக்கும். சின்னப் பிள்ளைகளின் நடனம், பிறகு பட்டிமன்றம், பிறகு சாப்பாடு. அந்த வருடத் தலைப்பு: ‘உழைக்கும் குடும்பத்துக்குக் கைகொடுப்பது கூடின சம்பளமா, கூடின உதவிப்பணமா?’ குறைந்தபட்சச் சம்பளம் ஏறி ஒன்றிரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பிளாசாக்களில் கோப்பி குடிக்கும் ஆண்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பேசக் கேட்டதற்குக் காரணம் நான் பல்கலைக்கழகம் முடித்தவன். அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர், அப்பா அதற்கும் முன்னாலேயே. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான் என்பதைச் சங்கத்தில் ஒரு தகுதியாகப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

பட்டிமன்றத்துக்கு எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. யார் எந்த அணி என்பதைத் துண்டு குலுக்கித்தான் எடுப்பார்கள். நம்பாததையும் நம்பினவன்போலப் பேச வேண்டும். மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு, இறங்கியதும் ஒரே மேசையில் இருந்து கொத்துரொட்டி சாப்பிட வேண்டும். கோபம் வைத்திருக்கிறவன் நாகரிகம் தெரியாதவன். “மேடையில கதைச்சது மேடையோட” என்று நடுவர் தொடக்கத்திலேயே சொல்வார். அன்றும் சொன்னார். சபை தலையாட்டியது.

எனக்குத் துண்டில் விழுந்தது உதவிப்பணம்.

ஏஜென்ற் எழுந்தார். “நடுவர் அவர்களே, வெல்பெயரைக் கூட்டச் சொல்லினம். கூட்டினா என்ன நடக்கும்? இப்ப பத்து மணிக்கு எழும்புறவை இனிப் பன்ரண்டு மணிக்கு எழும்புவினம்!”

மண்டபம் விழுந்து சிரித்தது.

“ஸ்ரௌவ்வில்ல என்னட்ட வீடு பாக்க வாற சனம் ஆர்? உழைச்ச சனம். வெல்பெயர்க் காசில ஸ்ரௌவ்வில்ல ஒரு கராஜ் கதவும் வாங்கேலாது!”

“கராஜ் கதவு வித்தாலும் நீர் கமிஷன் எடுப்பீர்தானே?” என்றார் நடுவர். கைதட்டல் நிற்க நேரமாயிற்று. முதலாளிக்கு அந்தத் திறமை உண்டு. யாரையும் நோகாமல் தொடுவார். அவரும் போன வருடம்தான், காசுக்காரர் குடியேறும் அந்த ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிக்கொண்டு போனவர்.

சமையலறை யன்னலூடாகப் பார்த்தேன். அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

அம்மாவின் சம்பளம் இரண்டு வழியில் வரும். வேலை செய்த மணித்தியாலத்தில் பாதி காசோலையில், சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளத்தில். மற்றப் பாதி கையில், முதலாளி வைத்த விலையில். அது சட்டத்தின் விலைக்குக் கிட்டவும் வராது. ஏன் இப்படி என்று கேட்டால் முதலாளிக்குக் கோபம் வராது, இரக்கம்தான் வரும். “தங்கச்சி, முழுக்கச் செக்கில போட்டா மனுசன்ர டிசபிலிட்டியில வெட்டுவாங்கள். உங்களுக்காகத்தானே இப்பிடிச் செய்யிறன்.” அதில் பொய்யும் இல்லை. அம்மாவின் உழைப்புக் கூடினால் அப்பாவின் உதவிப்பணம் குறையும். குறைந்து குறைந்து ஒருநாள், மருந்தை இலவசமாக எடுக்க அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த மருந்துக் காட்டும் போய்விடும் என்பது எங்கள் வீட்டின் பெரிய பயம். ஆங்கிலம் தெரியாமல் வந்த அம்மாவுக்கு முதல் வேலை கொடுத்ததும் அந்த மனிதர்தான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சாப்பாடு கொண்டுவந்ததும் அவர்தான்.

ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளம் கொஞ்சம் ஏறும். செய்தியில் ஏறும், எங்கள் வீட்டில் ஏறாது. காசோலைத் தொகை கூடக்கூடாது என்று சொல்லி முதலாளி காசோலை மணித்தியாலத்தைக் குறைத்துவிடுவார். உருட்டவேண்டிய ரோல்ஸ் குறையாது. அம்மா கடையில் நிற்கும் நேரம் குறையாது. கைக்காசும் கூடாது. அதாவது, அரசாங்கம் உழைப்பாளிக்கு என்று கூட்டியதை, உழைப்பாளியின் நன்மைக்காகவே என்று சொல்லி, அவர் தன் பையில் விட்டுக்கொண்டார்.

இதை ஆத்திரத்தில் கண்டுபிடித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பட்டிமன்றத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, அமைதியாக, சாப்பாட்டு மேசையில் இருந்து யோசித்துத்தான் கண்டுபிடித்தேன். பேசப்போவதையும் முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன்.

“நடுவர் அவர்களே,” என்றேன் என்னுடைய முறை வந்தபோது, “எனக்குத் தெரிந்த ஒரு மனிதருக்கு முதுகு ஏலாது. அவருக்கு உதவிப்பணம் வருகிறது. அவருடைய மனைவி ஒரு கடையில் வேலை செய்கிறா. அவவுக்குப் பாதிச் சம்பளம் செக்கில, பாதி கையில, கையில குடுக்கிறது அரை விலைக்கு. கேட்டால், உன்ர மனுசன்ர காசை வெட்டாமல் காப்பாத்துறன் எண்டு பதில். நான் சபையைக் கேட்கிறேன். அந்த வீட்டில் வெல்பெயர் எடுக்கிறது ஆர்? முதுகு ஏலாதவர் மட்டுமா? அவருடைய உதவிப்பணத்தைச் சாட்டாக வைத்துக் குறைஞ்ச விலைக்கு ஆள் பிடிக்கிறாரே கடைக்காரர், அவரும் எடுக்கிறார். எங்கட வரிப்பணத்தில அந்தக் கடைக்கும் வெல்பெயர் போகுது. கடைக்காரர் மட்டும் காலமை வெள்ளன எழும்புறார், அவ்வளவுதான் வித்தியாசம்.”

பின்வரிசையில் ஒரு பெடியன் விசிலடித்தான். முன்வரிசையில் யாரும் அசையவில்லை. மண்டபத்தில் பாதிப் பேருக்கு அம்மாவைத் தெரியும், முழுப் பேருக்கும் கடையைத் தெரியும்.

முதலாளி மணியை அடித்தார். “தம்பிக்கு நேரம் முடிஞ்சுது.” நேரம் முடியவில்லை.

பிறகு தீர்ப்பு. அவர் எழுந்து நின்று, கோட்டின் பொத்தானைப் பூட்டி, தொண்டையைச் செருமினார். நான் இன்றைக்கும் அந்தக் குரலைக் கேட்கிறேன். “இரண்டு அணியும் நல்லாப் பேசிச்சினம். ஆனா மானத்தோட வாழுறதுக்கு உதவிப்பணம் காணாது. உழைக்கிறவன்ர கையில முழுச் சம்பளம் போய்ச் சேரவேணும். கூடின சம்பளமே எண்டு தீர்ப்புச் சொல்லி அமருறன்.” சபை எழும்பி நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். தீர்ப்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

சமையலறைக்குள் நான் போனபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோல்ஸ் தட்டை மூடியபடி, “என்னை ஒரு வார்த்தை கேட்டனியே?” என்றார். “நாளைக்கு அந்தாளின்ர முகத்தில முழிக்கப் போறது நீயோ, நானோ?”

“மேடையில கதைச்சது மேடையோட எண்டுதானேம்மா...”

“வாயை மூடு.”

முதலாளி உள்ளே வந்தார். சிரித்துக்கொண்டுதான் வந்தார், ஆனால் சிரிப்பு முகத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் இருந்தது. “தங்கச்சி, உம்மட பெடியன் நல்லாக் கதைக்கிறான். படிச்சவன்தானே. ஆனா சோறு எங்கயிருந்து வந்தது எண்டும் கொஞ்சம் படிக்கவேணும்.”

நான் வாய் திறந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அம்மா என்னைத் திட்டுவார் என்றுதான் இருந்தேன். ஆனால் சோறு என்ற அந்தச் சொல் அவருக்குப் பட்டுவிட்டது.

“அண்ணை, நீங்கள் தீர்ப்புச் சொன்னதை நான் இதில நிண்டு கேட்டனான். முழுச் சம்பளம் போய்ச் சேரவேணும் எண்டியள். நல்ல தீர்ப்பு. எனக்கும் அப்பிடியே போடுங்கோ. முழுக்கச் செக்கில.”

முதலாளி உண்மையாகவே திகைத்துப் போனார். “என்ன விசர்க்கதை தங்கச்சி? அது மேடையில கதைச்சது. மேடையோட.”

“அப்ப உவன் கதைச்சதும் மேடையோடதானே? பிறகேன் உங்கட முகம் இப்பிடிக் கிடக்கு?”

கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அன்ரி ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டார்.

“முழுக்கச் செக் எண்டா கிழமையில மூண்டு நாள்தான் தருவன்,” என்றார் முதலாளி. “எனக்குக் கட்டாது. அங்கால வெல்பெயரிலயும் வெட்டுவாங்கள். ரெண்டு பக்கத்தாலயும் அடி. யோசிச்சுச் சொல்லும்.”

“யோசிச்சிட்டன். மூண்டு நாள் தாங்கோ.”

வழமையாக மிஞ்சும் ரோல்ஸை அம்மா வீட்டுக்குக் கொண்டுவருவார். அன்று ஒன்றும் எடுக்கவில்லை. பஸ்ஸில் எனக்கு எதிர் இருக்கையில் போய் இருந்தார். அவருக்கு என்மேல் கோபம் போகவில்லை என்பதும், தான் சொன்னதில் ஒரு எழுத்தையும் திரும்ப எடுக்கப் போவதில்லை என்பதும் ஒரே முகத்தில் தெரிந்தன.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அப்பாதான் உடைந்துபோனார். “ரெண்டு பேருக்கும் பைத்தியமே? மருந்துக் காட் போனா என்ர குளிசைக்கு ஆர் காசு கட்டுறது? பட்டிமன்றக்காரரே?” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். “நான் இந்த வீட்டில கிடக்கிறது போதாதெண்டு, என்ர முதுகை மேடையில ஏத்தி வச்சுக் காட்டினியோ?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. உங்கள் முதுகு உடைந்தது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல, அதை வைத்து அம்மாவின் கூலியைக் குறைத்ததுதான் வெட்கம் என்று சொன்னேன். உதவிப்பணம் பிச்சை அல்ல என்றும் சொன்னேன். இப்போதும் சொல்வேன். ஏஜென்ற் சொன்ன பன்னிரண்டு மணிக்காரரை நான் எங்கள் கட்டடத்தில் இன்னும் காணவில்லை. கண்டதெல்லாம், சம்பளத்தைக் கூட்டினால் உதவிப்பணம் குறையும் என்றும், உதவிப்பணம் இருக்கிறதால் சம்பளம் குறைவாக வாங்கு என்றும், இரண்டு பக்கத்தாலும் இழுபடுகிற ஆட்களைத்தான்.

அப்பா போய்ப் படுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துக் காலமை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: “இப்ப மண்டபம் முழுக்கத் தெரியும், இவ கையிலயும் காசு வாங்கினவ எண்டு. ஆரும் போன் அடிச்சுச் சொல்ல முதல் நானே அடிக்கிறன்.”

“நான் கதைக்கிறன் அப்பா. உங்களுக்கு இங்கிலிஷ்...”

“என்ர முதுகு, என்ர வாய். நீ கொஞ்சம் பேசாமல் இரு. அண்டைக்குப் பேசினது காணும்.”

உதவிப்பணத்துக்குப் பொறுப்பான அலுவலரோடு அவரே பேசினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தொழிற்சாலையில் கற்ற ஆங்கிலத்தில், மனைவி பல வருடமாகப் பாதிச் சம்பளம் கையில் வாங்கியதையும் அதைத் தாங்கள் சொல்லாமல் விட்டதையும் சொன்னார். மருந்துக் காட் என்னாகும் என்றும் கேட்டார். பிறகு அலுவலர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“காட் போகாதாம்.”

“என்னப்பா?”

“காசு குறையுமாம். ஆனா கொஞ்சமெண்டாலும் வந்துகொண்டிருக்குமட்டும் காட் இருக்குமாம்.” அப்பா கதிரையில் சாய்ந்தார். “இத்தனை வருசமும் இதை ஒருத்தரும் கேக்கேல்லை பார்.”

ஆம், ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்குப் பதிலாக முதலாளி எல்லாம் தெரிந்தவர்போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா மூன்று நாள் கடைக்கும், மிச்ச நாளில் வெக்ஸ்போர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறைக்கும் போகத் தொடங்கினார். கொஞ்ச நாளில் கடையை விட்டுவிட்டார். முதலாளி குறைத்துக் கொடுத்த கூலியைக் கேட்டுத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்வோம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். “என்ர பக்கத்தை நான் நேராக்கிப் போட்டன். தன்ர பக்கத்தை அவர் பாக்கட்டும்” என்று அம்மா மறுத்துவிட்டார். இதில் நான் அவரோடு உடன்படவில்லை. இன்றைக்கும் உடன்படவில்லை.

அந்த வருடத்துக்குப் பிறகு சங்கம் என்னைப் பேசக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போவேன். துண்டில் எந்த அணி விழுந்தாலும் பேசப்போவது ஒன்றுதான். சம்பளத்தையும் உதவிப்பணத்தையும் எதிரெதிரே கதிரை போட்டு இருத்துகிறவர் யார் என்று முதலில் கேட்பேன்.

அப்பா போனில் பேசிய கொஞ்ச நாளில் உதவிப்பண அலுவலகம் கடிதம் அனுப்பியது. அம்மா அரை விலைக்கு உழைத்த கைக்காசைக் கணக்கில் எடுத்து, அந்தக் காலத்தில் அப்பாவுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பித் தாருங்கள் என்றார்கள். அந்த உழைப்பில் மிச்சம் பிடித்தவரிடம் யாரும் ஒரு சதமும் கேட்கவில்லை. நாங்கள் தவணை கேட்டோம், கெஞ்சவில்லை. மாதா மாதம் அப்பாவின் உதவிப்பணத்தில் வெட்டினார்கள். கடைசி வெட்டு போன மாதம். எல்லாமாக ஆறாயிரத்து நானூற்று எண்பது டொலர்.